இடது இண்டிகேட்டர்: ஒரு எர்த் போல்ட்டைத் தேடிக் கண்டுபிடித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். உரிமையாளர் நாற்பதுகளில் இருக்கும் பெண். மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டாம் மாடியில் இருக்கிறார். வேளச்சேரி வழியாகக் கிண்டிக்குத் தினமும் தானே ஓட்டிப் போய் வருகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் உண்டு. நான் கார் மெக்கானிக் இல்லை. தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் மின் பராமரிப்பு பார்த்தவன். எங்கள் குடியிருப்பில் மோட்டார் நின்றாலும் லிஃப்ட் விளக்கு எரியாவிட்டாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

2024 செப்டம்பரில் தொந்தரவு ஆரம்பித்தது. இடது இண்டிகேட்டர் சில நாள் ஒழுங்காக அடிக்கும், சில நாள் படபடவென்று இரு மடங்கு வேகத்தில் அடிக்கும். வலது பக்கம் எப்போதும் சரியாகவே இருந்தது. டாஷ்போர்டில் அம்புக்குறி மின்னுகிறதே, வெளியேயும் மின்னும் என்று அவர் நம்பிவிட்டார். ஒரு மாலை விஜயநகர் அருகே இடப்பக்கம் திரும்பும்போது, இடுக்கில் நுழைந்து வந்த பைக் ஒன்று கதவை உரசும் தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. “இண்டிகேட்டர் போடாம திரும்புறீங்களே!” என்று அந்தப் பையன் கத்தியிருக்கிறான். உள்ளே அம்புக்குறி அப்போதும் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பின்விளக்கு எரியவில்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இண்டிகேட்டர் வேகமாக அடிப்பதைக் காதுக்கு எரிச்சலான சின்ன விஷயம் என்று பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் இடது பக்க இடைவெளி எப்போதும் காலியாக இருப்பதில்லை. அங்கே ஒரு உயிர் வந்துகொண்டிருக்கும்.

முதலில் நடந்த இரண்டு மாற்றங்கள்

வழக்கமாகச் சர்வீஸ் செய்யும் மெக்கானிக், இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃப்ளாஷர் ரிலேயை மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மழை, பழைய கதை திரும்பியது.

அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் பலரைப் போல இவரும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கார் நிறுத்துமிடத்தில் சக்கரத்தின் பாதி வரை தண்ணீர் நின்றது. அந்த பயம் எல்லோருக்கும் இருந்தது. பாலத்தில் வெட்டவெளியில் மழை முழுவதையும் வாங்கிய காரை எடுத்தபோது, இடது இண்டிகேட்டர் நிரந்தரமாகவே வேகமாக அடிக்கத் தொடங்கியிருந்தது.

அடுத்து ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டினார். பின்பக்க இடது பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டார்கள். வேகம் குறையவில்லை. “ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா சரியாயிடும், நாளைக்கு வாங்க” என்றார்கள். அதற்குள் ரிலேக்கும் பல்புக்குமாக ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. அப்போதுதான் என்னிடம் வந்தார். “அண்ணா, ரெசிஸ்டர் போடலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க.”

அந்த இருவரும் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ரிலே கெடுவதும் பல்பு போவதும் நடப்பதுதான். ஆனால் இரண்டு இடத்திலும் யாரும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு: பார்த்தது

முதலில் நான் செய்தது தேவையில்லாத வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அரை மணி நேரம் செலவிட்டேன். இந்தக் காரில் இண்டிகேட்டர் ஃப்யூஸ் இரண்டு பக்கத்துக்கும் பொது. வலது பக்கம் வேலை செய்யும்போதே ஃப்யூஸும் ரிலேக்கு வரும் சப்ளையும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால், ரிலேக்கும் சுவிட்சுக்கும் அப்பால், அந்தப் பக்கத்துப் பாதையில்தான் முதலில் தேட வேண்டும்.

அப்புறம் எண்ணினோம். அந்த அம்மாவின் பையன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். வலது பக்கம் நிமிடத்துக்கு 84, இடது பக்கம் 160க்கு மேல். 60 முதல் 120 வரைதான் முறையான வேகம். இடது பக்கம் அடிப்பது ரிலேயின் “ஒரு விளக்கு இல்லை” என்ற எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை எப்படி வருகிறது என்று பையனிடம் விளக்கினேன். மின்னணு ரிலே, ஒரு பக்கம் முழுவதும் இழுக்கும் கரண்ட்டைக் கவனிக்கிறது. இந்தக் காரில் முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட். மொத்தம் 47 வாட், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.9 ஆம்பியர். ஒரு 21 வாட் பல்பு போனால் அது 2.2 ஆம்பியருக்கு இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டதும் ரிலே வேகத்தைக் கூட்டுகிறது. எல்.இ.டி. பல்பு சில வாட்தான் இழுக்கும். அது பளிச்சென்று எரிந்தாலும் ரிலேயின் கணக்கில் அங்கே பல்பு இல்லை. ஆகவே எல்.இ.டி. போட்ட நாளிலிருந்து, உண்மையான பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், இண்டிகேட்டர் வேகமாகத்தான் அடித்திருக்கும். பழுதின் அடையாளத்தையே அது மூடிவிட்டது.

எல்.இ.டி. இழுக்காத கரண்ட்டை ஈடுகட்டப் போடும் மின்தடைதான் ரெசிஸ்டர். அதுவும் அதே மாதிரிதான். 6 ஓம் ரெசிஸ்டர் இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் 2 ஆம்பியர் இழுத்து 24 வாட்டை வெறும் சூடாக்கும். சிக்னலில் இரண்டு நிமிடம் இண்டிகேட்டர் போட்டு நின்றால் கை வைக்க முடியாது. பிளாஸ்டிக்கின் மேலோ ஒயர்க் கட்டின் மேலோ அதை வைத்துக் கட்டினால் வேறு ஆபத்து. வேண்டாம் என்றேன்.

நல்லவேளையாகக் கழற்றிய பழைய பல்பைக் கடையில் விட்டுவிடாமல் டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். இழை அறுபடவில்லை. மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. குளிர்ந்த 21 வாட் இழைக்கு அதுதான் சரி, எரியும்போதுதான் ஏழு ஓம் அளவுக்கு ஏறும். அந்த ஆரஞ்சுப் பல்பையே திரும்பப் போட்டோம். அதன் அடியில் இருக்கும் இரண்டு ஊசிகள் நேரெதிரில் இருக்காது, சற்றுத் தள்ளியிருக்கும். வெள்ளைப் பல்பை மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. ஹோல்டரில் பலவந்தமாகத் திருகிய தடயம் ஏதும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

பல்பைப் போட்டதும் இண்டிகேட்டர் ஒழுங்காக அடித்தது. பத்து நிமிடம் அப்படியே இருந்தது. பையன் டிக்கியை அடித்து மூடினான். உடனே படபடவென்று ஆரம்பித்துவிட்டது.

பிரேக்கை மிதித்தபோது

இங்கேதான் விஷயம் பிடிபட்டது. அந்த அம்மாவை உள்ளே உட்காரவைத்து, இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பார்க்கிங் விளக்கை அணைத்தே வைத்திருக்கச் சொன்னேன். நான் பின்னால் நின்றேன். ஆரஞ்சு விளக்கு எரியவே இல்லை. அதற்குப் பதிலாக, எரியக் கூடாத சிவப்பு டெயில் விளக்கு, இண்டிகேட்டரின் தாளத்துக்கு மங்கலாக விட்டு விட்டு மினுக்கியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது பிரேக் விளக்கு பளிச்சென்று வந்தது, இடது பக்கம் சோகையாக எரிந்தது.

ஒரு விளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் இன்னொரு விளக்கில் தலைகாட்டினால், கரண்ட் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையை, அதாவது எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். பின்விளக்குப் பெட்டியில் இண்டிகேட்டர், டெயில், பிரேக் மூன்றுக்கும் ஒரே எர்த் ஒயர். அது அறுந்தால் அல்லது தளர்ந்தால், இண்டிகேட்டர் பல்பு வழியாக வந்த கரண்ட் உடலுக்குப் போக வழியில்லாமல், பொது முனையில் ஏறி, டெயில் பல்பின் 5 வாட் இழை வழியே பின்னோக்கி நுழைந்து, வலது பக்க டெயில் விளக்கு வழியாக அந்தப் பக்கத்து எர்த்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தச் சுற்றுவழியில் மிகக் குறைந்த கரண்ட்தான் போகும். 21 வாட் இழை சூடாகாது. ரிலே “பல்பு இல்லை” என்று முடிவு செய்து வேகமாக அடிக்கும். ரிலே புதிது, பல்பு நல்லது, இரண்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தன.

அளந்தது

சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதையும் கழற்ற எனக்கு மனம் வராது. அளந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம். ரிச்சி தெருவில் வாங்கிய சாதாரண மல்டிமீட்டர் போதும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் மீட்டரில் எண் நிலைக்காது. அதனால் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, நிலையாக எரியும் பிரேக் விளக்கை வைத்து அளந்தேன். அதுவும் 21 வாட், அதே எர்த்.

பிரேக் ஒயருக்கும் காரின் வெற்று உலோகத்துக்கும் இடையே 12 வோல்ட்டுக்கு மேல். வரும் பாதை நன்றாக இருக்கிறது. அப்புறம் ஹோல்டரின் எர்த் முனையில் ஒரு கம்பியும், டிக்கிப் பூட்டின் கொக்கி போல்ட்டில் இன்னொரு கம்பியும் வைத்தேன். இரண்டும் எர்த், வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படலாம். மீட்டர் 1.4 காட்டியது. ஒயர்க் கட்டை லேசாக ஆட்டியதும் 9க்கு மேல் தாவியது.

வெறும் ஓம் வைத்து அளந்திருந்தால் இந்தப் பழுது ஏமாற்றியிருக்கும். நூலளவு தொடர்பு இருந்தாலும் மீட்டரின் சின்னக் கரண்ட் போய்விடும், அளவு நன்றாகவே தெரியும். விளக்கு எரியும்போது, சுமை ஏறும்போது அளந்தால்தான் உண்மை வெளியே வரும்.

கடைசி உறுதிக்காக, ஒரு முழ ஒயரின் ஒரு முனையை ஹோல்டர் எர்த்திலும் மறு முனையை அந்தக் கொக்கி போல்ட்டிலும் பிடித்தேன். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 84க்கு இறங்கியது, பிரேக் பளிச்சென்று வந்தது. “அவ்வளவுதானா!” என்றார் அந்த அம்மா. அந்த ஒயரையே நிரந்தரமாக முறுக்கி விட்டுவிடலாமா என்று பையன் கேட்டான். கூடாது என்று சொல்லிக் காரணத்தையும் சொன்னேன். கெட்டுப்போன மூட்டு உள்ளேயே அழுகிக்கொண்டிருக்கும், முறுக்கிய ஒயர் அடுத்த குலுக்கலில் கழன்றுவிடும்.

எர்த் போல்ட்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினோம். டிக்கியின் இடப்பக்க உள்தட்டியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளை மெதுவாக நெம்பி எடுத்தால், கறுப்பு ஒயர் போய்ச் சேரும் போல்ட் தெரிந்தது. வளையத்தில் பச்சைக் களிம்பு, அடியில் தகட்டில் பழுப்புத் துரு. 10 மி.மீ. ஸ்பேனரை வைத்ததும் அரைச் சுற்று சிரமமே இல்லாமல் கழன்றது.

வளையம் ஓரத்தில் விரிந்து கிடந்ததால் வெட்டிவிட்டுப் புதுச் செப்பு வளையத்தை நசுக்கிப் பொருத்தி, சுருங்கும் குழாய் போட்டேன். தகட்டைப் பளபளவென்ற உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினோம். முன்பே தடவினால் உலோகத்தோடு உலோகம் சேராது. செலவு அறுபது ரூபாய். பேட்டரியை இணைத்து மறுபடி அளந்தபோது 0.05 வோல்ட். டிக்கியைப் பத்து முறை அடித்து மூடிப் பார்த்தோம், மாறவில்லை.

“மிக்ஜாம் தண்ணீரில் கெட்டது” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். அது என் தவறு. அந்த போல்ட் டிக்கித் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் இருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் இல்லை, சேற்றுக் கறை இல்லை. வெள்ளம் அங்கே வரவே இல்லை. அதைப் பார்த்த கண்ணுக்குக் கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, சென்னையிலும் விடாத மழை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் என்று காரை மேடான தெருவில் நிறுத்தியிருந்தார். டிசம்பர் 3 மாலை கைப்பேசியில் அழைத்தார். “அண்ணா, மறுபடியும் ஒரு தடவை வேகமா அடிச்சுது. அப்புறம் தானா சரியாயிடுச்சு.”

அடுத்த ஞாயிறு தட்டியைத் திறந்தோம். எர்த்தில் 0.3 வோல்ட். வாஸ்லின் மேல் நீர்த்துளிகள். எனக்கு மனம் கனத்துவிட்டது. நோயைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பியவன் நான், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டவனும் நான்.

இம்முறை தண்ணீரைத் தேடினோம். உள்ளே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, வெளியே விளக்கின் மேல் குவளை குவளையாக ஊற்றினோம். முதலில் கீழ் ஓரம், பிறகு பக்கம், கடைசியில் மேல் விளிம்பு. கீழிருந்து மேலே போனால்தான் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். மேல் மூலையில் ஊற்றியதும் உள்ளே தகட்டின் மேல் ஒரு கோடு இறங்கி, நேராக எர்த் போல்ட்டின் தலையில் சொட்டியது.

விளக்கைக் கழற்றினால், தண்ணீர் புகாமல் தடுக்கப் பின்னாலிருந்த ரப்பர் நுரைக் கேஸ்கெட் அந்த மூலையில் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. “இந்த விளக்கை யாராவது கழற்றினார்களா?” என்று அன்றுதான் கேட்டேன். 2022இல் பின்பக்கம் ஒரு லாரி லேசாக இடித்து, டிங்கரிங் பட்டறையில் பம்பரையும் விளக்கையும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் மடங்கியிருக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர்தான் துரு பிடிக்க வைத்தது.

பையன் புதுப்பேட்டைக்குப் போய்க் கேஸ்கெட் வாங்கி வந்தான். உட்காரும் இடத்தைத் துடைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினோம். எர்த்தை மறுபடி கழற்றி, காயவைத்து, தேய்த்து மாட்டினோம். பத்துக் குவளை ஊற்றியும் செய்தித்தாள் நனையவில்லை.

எதை வேறு மாதிரி செய்திருப்பேன்

எண்ணுவதையும், காருக்குப் பின்னால் நின்று எல்லா விளக்குகளையும் சேர்த்துப் பார்ப்பதையும் முதல் ஐந்து நிமிடத்தில் செய்திருப்பேன். இரண்டுக்கும் கருவியே தேவையில்லை. தனியாக இருப்பவர் இரவில் சுவரை நோக்கிப் பின்பக்கம் நிறுத்திப் பார்த்தாலே போதும், டெயில் விளக்கு மினுக்குவது சுவரில் தெரியும்.

“கடைசியாக அந்த இடத்தில் யார் கை வைத்தார்கள்?” என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் 2022 பட்டறை வேலை அக்டோபரிலேயே தெரிந்திருக்கும். துருவைப் பார்த்ததும் மேலே தண்ணீர் வழியைத் தேடியிருப்பேன்.

எல்.இ.டி. பற்றி என் கருத்து உறுதியானது. ரிலேயையும் 21 வாட் பல்பையும் சேர்த்து வடிவமைத்த பழைய காரில், பழுது தெரியும் முன்பே எல்.இ.டி.க்கு மாற்றக் கூடாது. பல்பு போனால் சொல்லும் ஒரே அடையாளத்தை நாமே அடைத்துவிடுகிறோம்.

எல்லாக் காரிலும் இதே வழி செல்லாது. புதிய கார்கள் பலவற்றில் தனி ஃப்ளாஷர் ரிலே கிடையாது. கட்டுப்பாட்டுக் கணினியே விளக்குகளை இயக்குகிறது. ஒயரைக் குத்திப் பார்ப்பதும், தனிச் சப்ளை கொடுத்துப் பார்ப்பதும் அங்கே வேண்டாத செலவில் முடியும். எந்தக் காரிலும் இண்டிகேட்டர் தண்டைப் பார்க்க ஸ்டீயரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் தொடக் கூடாது. அங்கே ஏர்பேக் இருக்கிறது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதிக ஆம்பியர் ஃப்யூஸைப் போடுவதும் அப்படித்தான், ஒயர் எரியும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போதைய நிலை

2025 ஜூனில் உள்தட்டியைத் திறந்து அளந்தோம். எர்த்தில் 0.06 வோல்ட், போல்ட் உலர்ந்து இருந்தது. வலது பக்க விளக்கின் கேஸ்கெட்டையும் பையனே மாற்றிவிட்டான். அதுவும் அதே நாளில் அதே பட்டறையில் கழற்றி மாட்டியதுதான். அந்த அம்மா ஒவ்வொரு ஞாயிறும் காரை எடுக்கும் முன், பையனைப் பின்னால் நிற்க வைத்து இடது, வலது, பிரேக் மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்கிறார். “ம், எரியுது” என்று பையன் கை காட்டிய பிறகுதான் கேட்டைத் திறக்கிறார்கள்.